மேகத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது யார்?

போன செமஸ்டர் லீவில் நான் செய்த ஒரு உருப்படியான வேலையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அது அவ்வளவு உருப்படியான வேலை இல்லை என்று. சரி, உட்கார்ந்தது உட்கார்ந்தாச்சு, எழுதியே விடுகிறேன்.

வழக்கமாகப் பரோட்டா, பஸ் பயணம், ஆடிட்டிங் பேப்பர் என்று எழுதுகிறவன் திடீரென்று பிட், பைட் என்று ஆரம்பித்தால் ஓடிவிடாதீர்கள். நான் பி.காம் தான். கம்ப்யூட்டர் எனக்கும் பாதிதான் புரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்னென்ன கூத்து அடிக்கலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பரில், தமிழ்நாட்டின் மேலே எங்கே எத்தனை நாள் மேகம் இருந்தது என்பது அவள் தலைப்பில் ஒரு அத்தியாயம். "மழைக்காலத்துல மேகம் இருந்துச்சான்னு கண்டுபிடிக்க அஞ்சு வருஷமா?" என்று எங்கள் சித்தப்பா கேட்டு, அந்தத் தீபாவளிக்கு அவள் அவரிடம் பேசவில்லை.

அதற்கான தகவல் நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. 1999 டிசம்பரில் ஏவியது. அதில் மோடிஸ் என்று ஒரு கருவி. அது எடுக்கும் படத்தை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மேகம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லி ஒரு கோப்பாகத் தருகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அக்கா 2001 முதல் 2020 வரை இருபது வருடத்துக்கு, நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பு வீதம் இறக்கி, தமிழ்நாடும் பக்கத்தில் கொஞ்சம் வங்கக்கடலும் வருகிற மாதிரி வெட்டி, 900 வரிசை, வரிசைக்கு 700 கட்டம் என்று ஒரே பெரிய கோப்பாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

கணக்குப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு 92 நாள். இருபது வருடத்துக்கு 1840 நாள். நாளுக்கு 6,30,000 கட்டம். மொத்தம் நூற்றுப் பதினாறு கோடி "ஆமா, இல்லை".

அந்தக் கோப்பின் அளவு 9.27 ஜிபி. அக்காவின் லேப்டாப்பில் ராம் 8 ஜிபி. திறந்தால் மவுஸ்கூட நகராது. ஒரு வருடம் ஒரு வருடமாகத்தான் எடுத்துப் பார்ப்பாள். லேப்டாப்பில் இடமும் இல்லாததால் கோப்பு இருந்தது லேபில் ஒரு சீனியரிடம் கடன் வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். சீனியர் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அப்போதுதான் லீவில் பைத்தான் படித்து முடித்திருந்தேன். புதிதாக சைக்கிள் ஓட்டக் கற்றவன் தெருவில் போகிறவர்களை எல்லாம் "உக்காருங்க, கொண்டுபோய் விடுறேன்" என்று கூப்பிடுவான் இல்லையா, அந்த நிலைமை. "என்கிட்ட குடுக்கா, சின்னதாக்கித் தர்றேன்" என்றேன்.

இந்த இடத்தில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலேஜ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் ஒன்று "வந்தான்", இல்லாவிட்டால் "வரலை". இரண்டே பதில். கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு பூலியன் என்று பெயர். இதை எழுத ஒரே ஒரு பிட் போதும், 0 அல்லது 1. ஆனால் கம்ப்யூட்டர் நினைவகத்தில் பிட்டுக்கு முகவரி கிடையாது. எட்டு பிட் சேர்ந்த பைட்டுக்குத்தான் முகவரி. தெருவில் வீட்டுக்குத்தான் கதவு எண், உள்ளே இருக்கிற அறைக்குக் கிடையாது, போஸ்ட்மேன் அறை வரைக்கும் வரமாட்டார். அது மாதிரி. அதனால் பைத்தானில் கணக்குப் போட எல்லாரும் பயன்படுத்தும் நம்பை, ஒரு ஆமா-இல்லைக்கு ஒரு முழு பைட்டை ஒதுக்குகிறது. எட்டு அறை வீட்டில் ஒருத்தர் குடித்தனம், மீதி ஏழும் பூட்டிக் கிடக்கும்.

அக்காவின் கோப்பில் அதைவிட மோசம். லேபில் வழிவழியாக வந்த ஒரு புரோகிராம் எல்லாவற்றையும் தசம எண்ணாக எழுதிவிட்டது. ஆமா என்றால் 1.0, இல்லை என்றால் 0.0. ஒவ்வொன்றும் 8 பைட், அதாவது 64 பிட். ஒரு பிட் போதுமான பதிலுக்கு அறுபத்து நான்கு! எக்செல்லில் இருந்து எடுக்கிற சிஎஸ்வி கோப்புகூட இதைவிடத் தேவலாம். ட்ரூ என்று ஆங்கிலத்தில் எழுதினால் நாலு எழுத்து, ஃபால்ஸ் என்றால் அஞ்சு, கூட ஒரு கமா, அவ்வளவுதான்.

இப்படி ஆவதற்கு ஒரு காரணமும் உண்டு. விஞ்ஞானிகள் பயன்படுத்தும் கோப்பு வகைகளில் பூலியனுக்கு என்று ஒழுங்கான இடமே இல்லை. வானிலைக்காரர்களின் நெட்சிடிஎஃப்பில் பைட் உண்டு, முழு எண் உண்டு, தசம எண் உண்டு, பூலியன் கிடையாது. ஹெச்டிஎஃப்5-இலும் தனியாகக் கிடையாது. ஹெச்5பை என்ற பைத்தான் நூலகம் அதை ஒரு பைட் முழு எண்ணாக எழுதி, 0 என்றால் பொய், 1 என்றால் மெய் என்று பட்டியல் ஒட்டி வைக்கும். பைடேபிள்ஸ் என்ற இன்னொரு நூலகம் அதையே எட்டு பிட் தொகுதியாக எழுதும். வானியல்காரர்களின் ஃபிட்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதன் அட்டவணைகளில் பிட் பிட்டாகவே எழுத ஒரு வகை உண்டு, ஒரு பைட்டில் டி அல்லது எஃப் என்ற எழுத்தாக எழுதவும் ஒரு வகை உண்டு. அந்த இரண்டாவது வகையில் மூன்றாவதாகவும் ஒன்று எழுதலாம். அது என்ன என்று அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

நம்பையில் பேக்பிட்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. எட்டு ஆமா-இல்லையை எடுத்து ஒரே பைட்டில் திணித்துவிடும். அரிசி மூட்டை கட்டுகிற மாதிரி. அக்காவின் கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதில் போட்டேன். உடனே திட்டியது. முழு எண்ணோ பூலியனோ கொடு, தசம எண் வாங்கமாட்டேன் என்றது. சரி என்று நடுவில் ஒரு வரி சேர்த்து, எல்லாவற்றையும் முதலில் பூலியனாக மாற்றச் சொன்னேன். திட்டு நின்றது. நிம்மதி.

(அந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

விரித்துப் பார்த்தபோது ஒரு சின்ன வேடிக்கை. வரிசைக்கு 700 கட்டம் கொடுத்தேன், 704 திரும்பி வந்தது! 700 எட்டால் வகுபடாது. எண்பத்தேழரை பைட் என்று ஒன்று கிடையாதே, அதனால் 88 பைட் எடுத்து, மிச்ச நாலு பிட்டையும் பூஜ்யத்தால் நிரப்பியிருக்கிறது. படத்தின் கிழக்கு ஓரத்தில் இருபது வருடமாக மேகமே இல்லாத நாலு கிலோமீட்டர் கடல்! இதைக் கண்டுபிடித்துச் சரி செய்ததில் எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெரிய தப்பு நடக்கும் அன்றைக்குப் பார்த்து ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்துவிடுகிறோம்.

9.27 ஜிபி இருந்தது 146 எம்பி ஆனது. பழைய பென்டிரைவில்கூட அடங்கும். அக்கா போனில் கத்தியே விட்டாள். பெரியம்மா எனக்கு என்று தனியாக அதிரசம் கொடுத்து அனுப்பினார்.

"டேய், ஹார்ட் டிஸ்க்க அவர் கேக்குறார்டா. பழசு வேணுமா, அழிச்சிடலாமா?"

"அழிச்சிடுக்கா. அதுல இருக்கிறது எல்லாம் இதுல இருக்கு."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

இடைவேளை மாதிரி ஒரு விஷயம். பூலியன் என்ற பெயர் ஜார்ஜ் பூல் என்பவரால் வந்தது. 1815-ல் இங்கிலாந்தில் லிங்கனில் பிறந்தவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் 1849-ல் கணிதப் பேராசிரியர் ஆனார். யோசனையின் விதிகளையே கணக்காக எழுதலாம் என்று 1854-ல் புத்தகம் போட்டார். இவர் மனைவி மேரி, ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன்-தம்பி வழி மகள். ஆமாம், சிகரத்துக்குப் பேர் வைத்தார்களே, அதே எவரெஸ்ட். அவர் தலைமை தாங்கி நடத்திய இந்திய நில அளவை, லாம்டன் 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்த கோட்டில் இருந்து ஆரம்பித்தது. தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது பரங்கிமலை வந்தால் எனக்கு இப்போதெல்லாம் பூல்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார் :-)

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"நவம்பர்ல ஒரு நாள் மேப் போட்டுப் பாத்தேன். கடல்லருந்து கன்னியாகுமரி பக்கம் வரைக்கும் சாய்வா ஒரு மேகம். ஓரம் ரெண்டும் நேர்கோடு. மேகத்துக்கு ஸ்கேல் வச்சு யாருடா கோடு போட்டது?"

நான் முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பதினாறு நாள் தள்ளிப் பாத்தேன். அதே இடத்துல அதே மேகம்."

டெர்ரா துருவத்துக்குத் துருவம் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 99 நிமிடம். அதற்குள் கீழே பூமி திரும்பிவிடுவதால், பூமத்திய ரேகையில் அடுத்த சுற்றின் பாதை சுமார் 2750 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழும். மோடிஸ் ஒரு தடவையில் பார்க்கும் அகலம் 2330 கிலோமீட்டர்தான். ஆக, நடுவே நானூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு பட்டை, அன்றைக்குப் பகலில் யாரும் பார்க்காத இடம். வடக்கே போகப் போக அது குறுகி மறைந்துவிடும். ஐரோப்பாவுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. நம் மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு, ஏறக்குறைய ஏழு நாளைக்கு ஒரு நாள் இடைவெளிக்குள் விழுவோம். அந்த இருபது வருடத்தில் செயற்கைக்கோள் பதினாறு நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பியது என்பதால் பட்டையும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

அந்தப் பார்க்காத கட்டங்களுக்கு லேப் புரோகிராம் 1.0-உம் எழுதவில்லை, 0.0-உம் எழுதவில்லை. நான் என்று எழுதி வைத்திருந்தது. பாட்டி இல்லை, தசம எண்களில் "இது எண்ணே இல்லை" என்பதற்கான அடையாளம், அதற்குப் பெயர் நான். (ஆமாம், நான்தான். சிரிக்க வேண்டாம்.) அக்காவின் ஆமா-இல்லை ஏன் தசம எண்ணாக இருந்தது என்பதற்கு இதுதான் விடை. முட்டாள்தனம் என்று நான் நினைத்த அந்த 64 பிட்டுக்குள் மூன்றாவது பதில் ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

நான் சேர்த்தேனே ஒரு வரி. அது பூலியனாக மாற்றும்போது கேட்பது ஒரே கேள்வி: நீ பூஜ்யமா, இல்லையா? பூஜ்யம் என்றால் பொய். மற்ற எது வந்தாலும் மெய். "எண்ணே இல்லை" என்பது பூஜ்யம் இல்லையே! அதனால் மெய். அதாவது மேகம். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. தசம எண் கொடுத்ததற்கு அத்தனை சத்தம் போட்ட புரோகிராம், இல்லாத மேகத்தை இருபது வருடத்துக்கு விதைத்தபோது வாயைத் திறக்கவில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே வெட்கமான இடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தெரியாதவன், தப்பு செய்துவிட்டான் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பாடத்தை நான் காமர்ஸில் படித்திருக்கிறேன். ஜிஎஸ்டியில் ஒரு மாதம் வியாபாரமே இல்லை என்றாலும் நில் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். 2020 ஜூனில் இருந்து எஸ்எம்எஸ்ஸிலேயே போடலாம் என்று ஆக்கினார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்ல எதற்கு ஒரு ரிட்டர்ன் என்று வகுப்பில் நான் கேட்டேன். சார் சொன்னார், "நீ ஒண்ணும் விக்கலைங்கறதும், நீ சொல்லவே இல்லைங்கறதும் எனக்கு எப்படிடா தனித்தனியாத் தெரியும்?" என்று. ஆடிட் செக்லிஸ்ட்டில்கூட யெஸ், நோ பக்கத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கும். பரிட்சையில் அதற்கு ஐந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஃபிட்ஸில் மூன்றாவது என்றேனே, அதுவும் இதுதான். டியும் இல்லாமல் எஃப்பும் இல்லாமல் வெறும் பூஜ்ய பைட் இருந்தால் "தெரியாது" என்று அர்த்தம்.

அதைவிட மூல கோப்பைத் திறந்து படித்தபோதுதான் சங்கடம் அதிகமானது. மோடிஸ் மேகக் கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 48 பிட், அதாவது ஆறு பைட். பிட் பிட்டாக அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி குதித்த அதே வேலை. பகலா இரவா என்பதற்கு ஒரு பிட், கடலில் வெயில் பளபளக்கிறதா என்பதற்கு ஒரு பிட், பனியா என்பதற்கு ஒன்று, நிலமா நீரா என்பதற்கு இரண்டு. மேகமா என்ற கேள்விக்கே இரண்டு பிட்: நிச்சயமாக மேகம், சந்தேகம், அநேகமாகத் தெளிவு, நிச்சயமாகத் தெளிவு என்று நாலு பதில். இதற்கெல்லாம் முன்னால், வரிசையில் முதல் பிட் எதற்குத் தெரியுமா? "இந்தக் கட்டத்தை நாங்கள் பார்த்துத் தீர்மானித்தோமா இல்லையா" என்பதற்கு.

லேண்ட்சாட் படங்களிலும் இதே புத்தி. இப்போது வரும் கோப்புகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தரத்தைச் சொல்ல 16 பிட் எண் ஒன்று இருக்கும். மேகமில்லாத தரைக்கு அதில் அடிக்கடி வருவது 21824. பார்த்தால் ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. பிட்டாகப் பிரித்தால் "தெளிவு" என்ற ஒரு பிட்டும், மேகம், நிழல், பனி, மேல்மேகம் நாலுக்கும் "வாய்ப்பு குறைவு" என்ற பதிலும் கிடைக்கும். அந்தக் குறைவு என்பதை 00 என்று எழுதவில்லை, 01 என்று எழுதியிருக்கிறார்கள். 00 என்றால் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அந்த மூன்று வாரத்தில் என் கோப்பை வைத்து இருபது வருடச் சராசரி மேப் போட்டு, கைடிடம் காட்டி, அவரும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். எதிர்பார்த்ததைவிட மேகம் கூடுதலாக இருக்கிறதே என்று அதற்குக் காரணம் தேடி இரண்டு பக்கம் வேறு எழுதியிருந்தாள். இல்லாத மேகத்துக்கு இரண்டு பக்கக் காரணம். அதை அவளே போய் கைடிடம் சொல்லித் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. என் பெயரைச் சொல்லவில்லை. "ஃபைல மாத்தும்போது தப்பு பண்ணிட்டேன்" என்று தான் செய்ததாகவே சொல்லியிருக்கிறாள். எனக்கு இது பெரியம்மா மூலமாகத்தான் தெரியும்.

பழைய கோப்பு அழிந்துவிட்டது. பிட்டைத் திருப்பி விரித்தாலும் எது நிஜ மேகம், எது பார்க்காத இடம் என்று பிரிக்க வழியில்லை. இரண்டுக்கும் ஒரே 1. ஆகவே மறுபடியும் மூவாயிரத்துச் சொச்சம் கோப்பு. எங்கள் வீட்டு இன்டர்நெட்டில் ராத்திரி ராத்திரியாக நான் இறக்கினேன். காலையில் அப்பா எழுந்து, "இன்னிக்கு எந்த வருஷம்?" என்று கேட்பார். "2009ப்பா."

இந்தத் தடவை இரண்டு அடுக்காக வைத்தோம். ஒன்று "பார்த்தோமா", இன்னொன்று "மேகமா". கட்டத்துக்கு இரண்டு பிட், மொத்தம் 291 எம்பி. எந்த பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைத்தேன். நெட்சிடிஎஃப்காரர்கள் கடைப்பிடிக்கும் சிஎஃப் விதிமுறையில் இதற்கு என்றே கொடிகள், அவற்றின் பொருள் என்று தனி இடம் இருக்கிறது. எட்டு பிட்டில் முதல் கட்டம் எந்தப் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கிறது என்பதையும் எழுதினேன். நம்பை சும்மா விட்டால் பெரிய மதிப்புள்ள பக்கத்தில் இருந்து அடுக்கும், ஆரோ போன்றவை சின்ன மதிப்புள்ள பக்கத்தில் இருந்து அடுக்கும். எழுதாமல் விட்டால் ஒவ்வொரு எட்டுக் கட்டமும் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி நிற்கும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன், செய்திருக்கவே வேண்டாம், மனசு கேட்கவில்லை. பிட்டாக அடைக்காமல், கட்டத்துக்கு ஒரு பைட் என்றே வைத்து, 0, 1, பார்க்காததற்கு 255 என்று எழுதி, ஹெச்டிஎஃப்5-இல் சாதாரணமாகவே இருக்கும் ஜிஜிப் சுருக்கத்தை மட்டும் போட்டேன். மேகம் கூட்டமாகத்தான் இருக்கும், தெளிவான வானமும் கூட்டமாகத்தான் இருக்கும். ஒரே பதில் வரிசையாக வந்தால் சுருக்கத்துக்குக் கொண்டாட்டம். என் இரண்டு அடுக்கு பிட் கோப்பைவிட அது சின்னதாக வந்தது. பதில்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் இந்த வித்தை பலிக்காது, ஆமாவும் இல்லையும் பாதிக்குப் பாதி கலந்து கிடந்தால் பதிலுக்கு ஒரு பிட்டுக்குக் கீழே யாராலும் போகமுடியாது. ஆனால் நூற்றில் ஒன்றுதான் ஆமா என்றால், 1948-ல் ஷானன் போட்டுக் கொடுத்த கணக்குப்படி சராசரியாகப் பதிலுக்கு 0.08 பிட் போதும். அதாவது நான் இவ்வளவு பாடுபட்ட பேக்பிட்ஸே எங்கள் மேகத்துக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. பழைய கோப்பில் சுருக்கத்தைப் போட்டு, தசம எண்ணை ஒரு பைட்டாக மாற்றியிருந்தால் ஒரு மதியத்தில் வேலை முடிந்திருக்கும். பிட்டாக அடைப்பதன் லாபம் கோப்பில் இல்லை, ராமில்தான், சுருக்கியதை விரித்த பிறகும் சின்னதாக இருக்க வேண்டும் என்கிற இடத்தில்.

அக்காவிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்த ஃபைல வச்சுக்கறது?" என்றாள். 255 போட்டதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன், திறந்தவுடனே எதுவும் படிக்காமலே புரியும் என்பதால்.

புது மேப்பில் மேகம் குறைந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு, பார்க்காத நாட்களை எப்படிக் கணக்கில் இருந்து விலக்கினோம் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் போடுவதாகச் சொல்கிறாள். போட்டுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. ஸ்டைபண்ட் வந்ததும் சொந்தமாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டாள். இப்போதெல்லாம் எனக்கு ஏதாவது கோப்பு அனுப்பினால், அதில் முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறாள்.